தாத்தாவின் தச்சுப்பட்டறை

வெள்ளி இரவு, காரைக்குடி

அம்மாவின் ஊரில் தாத்தா விட்டுப்போன தச்சுப்பட்டறையைக் காலி செய்தாக வேண்டும் என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். ஐப்பசி மழையில் மேற்குச் சுவர் சாய்ந்துவிட்டது, ஓடும் ஒழுகுகிறது. பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மரப்பிடிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு இரும்பை மட்டும் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். அதைக் கேட்டதும் அம்மா போனிலேயே, "நான் வந்து பாக்காம ஒரு உளியக்கூட வெளிய எடுக்கக் கூடாது தம்பி" என்றார். மாமா அம்மாவைவிட ஆறு வயது சின்னவர். எதிர்த்துப் பேசவில்லை.

எழும்பூரில் பல்லவன் ரயில் ஏறினோம். அரியலூர் தாண்டும்வரை அம்மா பட்டறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்புறம் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "வச்சிரம் காய்ச்சுற சட்டி இன்னும் இருக்குமா தெரியல" என்றார். தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கிற பசை அது. வில்லை வில்லையாக வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து இளக்க வேண்டும். நேரடியாகத் தீயில் வைத்தால் பசையின் பிடிப்பு போய்விடும். 1959இல் ஃபெவிகால் வந்தபிறகும் பல வருடம் தாத்தா அதைத் தொடவில்லையாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டியைக் கிளறுவது அம்மாவின் வேலை. அந்த நாற்றத்தில் வீட்டில் யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள், அதனால் அப்பாவோடு தனியாக இருக்கக் கிடைத்த நேரம் அதுதான் என்றார். இதை எனக்கு இதற்கு முன் சொன்னதே இல்லை.

புதுக்கோட்டை வந்ததும் தூங்கிவிட்டார். காரைக்குடி ஸ்டேஷனில் மாமா காத்திருந்தார்.

சனி, ஊர்

ஊர் கானாடுகாத்தானிலிருந்து ஆத்தங்குடி போகும் பக்கம். பெயர் வேண்டாம். மாமா வீட்டுக்கொல்லையில் சீமை ஓடு போட்ட நீளமான சாய்ப்பு, அதுதான் பட்டறை. பூட்டு துருப்பிடித்து, மண்ணெண்ணெய் ஊற்றித்தான் திறந்தது. கரையான் கதவின் கீழ்ச்சட்டத்தை முடித்துவிட்டது. உள்ளே இருந்த தேக்கு எதையும் தொடவில்லை.

நான் இங்கே கடைசியாக வந்தபோது சின்னப் பெண். அன்று எனக்கு இது தூசியும் சிராயும் மட்டும்தான். இன்று அம்மா கூட இருந்ததால் வேறு மாதிரி இருந்தது. வாசலில் நின்றபடியே ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். மரத்தைச் செதுக்கும் வாய்ச்சி, மரச்சுத்தியலான கொட்டாப்புளி, மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு, மரத்தைச் சீவி இழைக்கும் இழைப்புளி, துளை போடும் துறப்பணம். துறப்பணத்துக் கம்பைச் சுற்றிக் கயிறு அப்படியே இருக்கிறது. மேலே உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கக் கொட்டாங்கச்சி. உள்பக்கம் தேய்ந்து தேய்ந்து கண்ணாடிபோல் பளபளக்கிறது.

பத்து மணிக்குப் பட்டறை மாமா வந்தார். தாத்தாவிடம் பன்னிரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர், இப்போது எண்பதை நெருங்குகிறார். அம்மா அவரை அண்ணே என்பார், அதனால் எனக்கு அவரும் மாமா. கண்ணில் புரை, அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. பார்ப்பதைவிடத் தடவிப் பார்ப்பதுதான் அவருக்கு நிச்சயம். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் பிடியைத் தடவுகிறார், அப்புறம்தான் வாயை.

அவரும் அம்மாவும் பேசப் பேச, சுவரில் மாட்டியிருப்பது கலந்துகட்டிய குப்பை இல்லை என்று புரிந்தது. வரிசை இருக்கிறது. வடக்குச் சுவரில் மெல்லிய உளிகள், வளைந்த வாய், கால் அங்குலத்துக்கும் குறைவான அகலம். இவை கொள்ளுத்தாத்தா காலத்தவை. பர்மாவில் ரங்கூனிலும் மோல்மேனிலும் கப்பலேறிய தேக்கு இந்தப் பக்கத்து வீடுகளுக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். நிலைக்கு மேலே கஜலட்சுமி, யாளி, கொடி, பூ என்று வாசல் ஒன்றுக்கே வருடக்கணக்கில் ஆள் உட்கார்ந்து குடைந்திருக்கிறார்கள். 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது. அங்கே வட்டிக்கடையும் நிலமும் வைத்திருந்த செட்டியார் குடும்பங்களின் வரவு நின்றது. இங்கே வீடு கட்டுவதும் நின்றது. அந்த உளிகள் வடக்குச் சுவரில் ஏறியது அப்போதுதான்.

கிழக்குச் சுவர் முழுக்க வண்டி வேலைக்கு. பெரிய வாய்ச்சி, தடித்த உளி, ஆள் உயர ரம்பம். தாத்தா தலையெடுத்தபோது கிடைத்த வேலை அதுதான். வாசலுக்குப் பக்கத்தில் இருப்பவை அதற்கும் பிந்தியவை. டயர் வண்டி வந்து மரச்சக்கரத்துக்கு ஆள் இல்லாமல் போனபின் பள்ளிக்கூட பெஞ்சு, ஜன்னல், கட்டில் செய்த கருவிகள். ஒரு குடும்பம் எதைச் செய்து சாப்பிட்டது என்பது மூன்று சுவரில் இருக்கிறது. இரும்புக்காரர் கேட்டது இதைத்தான், எடைக்கு.

மெல்லிய உளிகளில் சிலவற்றை அம்மா புடவைத் தலைப்பால் துடைத்துக் காட்டினார். இரும்பில் சின்னதாக மூன்று இலை முத்திரை. தாத்தா அதை வில்வம் என்றே நம்பியிருக்கிறார். சிவனுக்கு உகந்த இலை போட்ட உளி என்று ஆயுத பூஜையன்று அவற்றுக்குத்தான் முதல் பொட்டாம். அது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து வில்லியம் மார்பிள்ஸ் கம்பெனியின் முத்திரை, அயர்லாந்துக்காரர்கள் கொண்டாடும் மூவிலைச் செடி. அம்மாவிடம் சொன்னேன். "இருக்கட்டும்த்தா, எங்களுக்கு வில்வம்தான்" என்றார். எனக்கும் இனி வில்வம்தான்.

ஆயுத பூஜை என்றதும் இன்னொன்று. இழைப்புளியின் நடுவில் சீவல் வெளியே வரும் பள்ளத்தின் மூலையில் சந்தனம் கல்லாக இறுகிக் கிடக்கிறது. நகத்தால் சுரண்டினேன். ஒரு அடுக்கு மஞ்சள், ஒரு அடுக்கு குங்குமச் சிவப்பு, மறுபடி மஞ்சள். ஒவ்வொரு வருடமும் துடைப்பார்கள், மூலையில் கொஞ்சம் தங்கும். எத்தனை நவராத்திரி அதில் இருக்கிறதோ. அதற்குமேல் சுரண்டாமல் விட்டேன்.

இழைப்புளிகள் மொத்தம் ஐந்து. தாத்தாவுடையது எது என்று மாமா கேட்டார். பட்டறை மாமா ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, நான்காவதில் நிறுத்தினார். "இதுதான். பெருவிரல் பள்ளம் இந்தப் பக்கம் இருக்கு பாருங்க." தாத்தா இடதுகைக்காரர். மற்ற நான்கிலும் பள்ளம் எதிர்ப்பக்கம். அம்மாவும் பிறவியில் இடதுகைதான், பள்ளிக்கூடத்தில் அடித்து வலதுகைக்கு மாற்றினார்கள். எழுதுவது வலது, காய் நறுக்குவது இன்றும் இடது. அந்த இழைப்புளியை வாங்கி இடதுகையில் பிடித்தார். பெருவிரல் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார்.

ஞாயிறு, ஊர்

இன்று முழுக்கச் சுத்தம் செய்ததுதான் வேலை. மண்ணெண்ணெய், உப்புத்தாள், தேங்காய் எண்ணெய். துணிக்கு மாமாவின் பழைய வேட்டி.

மூங்கில் கூடை ஒன்றில் மாதிரிகள் இருந்தன. கட்டில் காலுக்கு, தொட்டில் சட்டத்துக்கு, ஜன்னல் வளைவுக்கு, பூவுக்கு என்று வெட்டி வைத்த அச்சுகள். தகரம், பனையோலை, பழைய சிலேட்டுச் சட்டம், எது கைக்கு அகப்பட்டதோ அதில் வெட்டியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் பென்சிலால் யார் வீட்டுக்கு, எத்தனை என்று எழுத்து. தாத்தா மூன்றாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் எழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கிறது.

அதில் எட்டு இதழ்ப் பூ ஒன்று அட்டையில் வெட்டப்பட்டிருந்தது. அம்மா திருப்பிப் பார்த்தார். ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டின் அட்டை. பாதிப் பெயரும் "ஆ பிரிவு" என்பதும் மிச்சம் இருக்கின்றன. ஆறாவதோடு அம்மாவின் படிப்பு நின்றது, ஏழாவதுக்கு வெளியூர் போக வேண்டும் என்பதால். நோட்டுகளை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தாராம். "எடைக்குப் போடாம இதுல வெட்டிருக்காக" என்றார். எந்த வீட்டுக்கு என்று பார்த்தேன். "நம்ம வீடு" என்று எழுதியிருக்கிறது. அப்போதுதான் அம்மா சொன்னார், அவர் கல்யாணத்துக்குக் கொடுத்த கட்டிலின் தலைமாட்டில் எட்டு இதழ்ப் பூதான் என்று. அந்தக் கட்டில் எங்கள் வீட்டில் இருக்கிறது. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற பூ. இதழை எண்ணியதே இல்லை.

உத்தரத்தில் செருகியிருந்த முழக்கோலை இறக்கினோம். கருங்காலி, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். டேப் வைத்துப் பார்த்தேன், 33 அங்குலம். தச்சுமுழம் அதுதான். அதை 24 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு தச்சு விரல், நம் அங்குலத்தில் ஒன்றேகால் அரைக்கால், அதாவது 1⅜. மூன்று மூன்று விரலுக்கு ஒரு கோடாக எட்டுப் பிரிவு போட்டிருக்கிறது. மனை போடும்போது நீளமும் அகலமும் வீட்டுக்காரரின் நட்சத்திரத்துக்கு ஒத்துவருகிறதா என்று ஆயாதிக் கணக்குப் பார்ப்பது இந்தக் கோலை வைத்துத்தான். மீட்டர் கணக்கு சட்டப்படி கட்டாயமானது 1962இல். பட்டறைகளில் இன்றும் அங்குலமும் நூலும்தான், எட்டு நூல் ஒரு அங்குலம். சென்னையில் எங்கள் வீட்டு அலமாரிக்கு ஆள் வந்தபோது அம்மா தள்ளி நின்று பார்த்துவிட்டு, "வலப்பக்கம் ரெண்டு நூல் தூக்கலா இருக்கு" என்றார். வந்த ஆள் டேப் வைத்துப் பார்த்தார், இரண்டு நூல்தான். எப்படித் தெரிந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது பட்டறை மாமா சக்கரத்துக்குப் பட்டா ஏற்றுவதைச் சொன்னார். இதை அப்படியே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கம் செய்து பார்த்தவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள்.

சக்கரத்தின் நடுக்கட்டை குடம், அது வாகை. குடத்தில் பன்னிரண்டு துளை, பன்னிரண்டு ஆரக்கால். அதற்கு வெளியே வட்டமாகச் சேரும் ஆறு வளைந்த துண்டு, அவை வட்டை, ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் வீதம். ஆரக்காலும் வட்டையும் கருவேலம். பசை கிடையாது, ஆணி கிடையாது, கழுந்தும் (துளைக்குள் செருகும் முனை) துளையும் மட்டும். இதையெல்லாம் இறுக்கிப் பிடிப்பது வெளியே சுற்றியிருக்கும் இரும்புப் பட்டா. சக்கரத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து, கொல்லர் பட்டாவை அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே ஒட்டுவார். எவ்வளவு குறைவு என்பதில்தான் எல்லாம். குறைவு போதாவிட்டால் கோடையில் பட்டா கழன்று ஓடும். அதிகமாகிவிட்டால் ஆரக்கால் நெளியும்.

பட்டாவைத் தரையில் படுக்கவைத்து, சுற்றிலும் வரட்டியும் தேங்காய் மட்டையும் அடுக்கி எரிப்பார்கள். ஐந்தடிச் சக்கரத்துக்குப் பட்டாவின் நீளம் பதினாறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. நன்றாகச் சிவந்தால் இரும்பு ஒரு அங்குலத்துக்கு மேலேயே நீளும். அந்த ஒரு அங்குலத்துக்குள் வேலை முடிய வேண்டும். நாலு பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின்மேல் வைத்து, சம்மட்டியால் சுற்றி அடித்து இறக்குவார்கள். மரம் பற்றிக்கொள்ளும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்க ஆரம்பிக்கும்.

"அப்ப ஒரு சத்தம் வரும்த்தா" என்றார். "பன்னெண்டு ஆரக்காலும் துளைக்குள்ள போய் உக்காரும். மடமடமடன்னு. உங்க தாத்தா கண்ண மூடிக்கிட்டு அதத்தான் கேப்பாரு. ஒண்ணு சத்தம் குடுக்கலன்னா, எந்த ஆரக்கால்னு விரல் காட்டுவாரு."

தண்ணீர் ஊற்ற ஊர்ப் பெண்கள் வரிசையில் நிற்பார்களாம். அம்மாவும் நின்றிருக்கிறார். பாவாடையில் பொறி பட்டு ஓட்டை விழுந்ததற்கு ஆத்தாவிடம் வாங்கிய அடியைச் சொல்லி, இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மாமா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

திங்கள், காரைக்குடி

முனீஸ்வரன் கோவில் வீதிக்குப் போனோம். பழைய பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. பாகம் பிரிக்க முடியாமலும், பராமரிக்க முடியாமலும் இடிக்கப்பட்ட வீடுகளின் தூண், நிலை, கதவு, எனாமல் பாத்திரம், பீங்கான் ஜாடி எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன. பட்டறைச் சாமான்களுக்கு இங்கே என்ன மதிப்பு என்று மாமாவுக்குத் தெரிய வேண்டும். எனக்கும் பார்க்க ஆசை.

தச்சுக்கருவிகள் இருந்தன. ஒரு கடையில் வாய்ச்சிக்கு வார்னிஷ் அடித்து, பலகையில் பதித்து, சுவரில் மாட்டத் தயாராக வைத்திருந்தார்கள். வாய் மழுங்கியிருந்தது. உருகிக் குப்பையாகப் போவதற்கு இது எவ்வளவோ மேல், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதை எடுத்து யாரும் மரத்தில் ஒரு கொத்துக் கொத்த முடியாது. அம்மா அதன் வாயைத் தடவிவிட்டு நகர்ந்துவிட்டார்.

கடையின் பின்பக்கம் கழற்றிப் போட்ட நிலைக்கதவு ஒன்று கிடந்தது. அம்மா குனிந்து சட்டத்தின் கழுந்தைப் பார்த்தார். அங்கே உளியால் கீறிய கோடுகள். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று தச்சர்கள் போடும் அடையாளம் அது. பூட்டியபின் உள்ளே மறைந்துவிடும், வீடு இடிந்தால்தான் வெளியே தெரியும். "அப்பா வேலையா?" என்று மாமா கேட்டார். "இல்ல. அப்பா கோடு சாய்வா விழும், இடதுகை. இது வேற ஆளு. நல்ல கை" என்றார் அம்மா. யாரென்று தெரியாத அந்த ஆளின் கோடுகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

தாத்தாவின் கடைசிக்கால வேலையில் பாதி இப்படி வீடுகளைப் பிரிப்பதுதான் என்று திரும்பும்போது மாமா சொன்னார். தன் அப்பா செய்த வாசலையே ஒருமுறை கழற்ற வேண்டி வந்ததாம். கடப்பாரை கேட்டவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நாலு நாள் எடுத்து, ஒரு சிராய் உடையாமல் பிரித்திருக்கிறார். கூலி ஒரு நாளைக்குத்தான் கொடுத்தார்கள். 2014இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குள் எத்தனையோ வாசல் லாரியேறிவிட்டது.

வழியில் ஆத்தங்குடியில் பத்து நிமிடம் நின்றோம். கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, அதற்குள் வண்ணச் சிமென்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார் ஒருவர். அச்சு அவர் அப்பாவுடையது என்றார். பேச நேரமில்லை, இருட்டிக்கொண்டு வந்தது.

செவ்வாய், ஊர்

கருவிகளைப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது.

பட்டறை மாமாவின் பேரன் காலையில் வந்தான். காரைக்குடியில் மாடுலர் கிச்சன் வேலை செய்கிறான். பிளைவுட், மைக்கா, டிரில் மெஷின் தவிர வேறு பழக்கமில்லை. ஆனால் கோவில் தேருக்குச் சக்கரம், வாகனம் பழுதுபார்க்கிற ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கற்றுக்கொள்கிறானாம். அதைக் கேட்டதும் அம்மா அவனை உட்காரவைத்து ஒரு இழைப்புளியைக் கையில் கொடுத்தார். தள்ளினான். மரத்தைக் கவ்விக்கொண்டு நின்றது.

"அலகு இறங்கியிருக்கு. பின்னாடி தட்டு, ஏறும். முன்னாடி தட்டுனா இறங்கும். கொட்டாப்புளியால தட்டு, சுத்தியல் கூடாது." தட்டினான். மறுபடி தள்ளினான். மூன்றாவது தடவை சீவல் சுருண்டு வந்தது. பட்டறை மாமா அதைக் கையில் வாங்கி விரலால் நசுக்கி, "இன்னும் தடிமன்" என்றார். பையன் மறுபடி தட்டினான். மத்தியானம்வரை இதுதான் நடந்தது. அம்மா இழைத்தே பார்த்ததில்லை. பெண் பிள்ளைக்கு எதற்கு என்று விட்டிருக்கிறார்கள். பசைச் சட்டியைக் கிளறிக்கொண்டே பார்த்ததுதான், அவ்வளவும் ஞாபகத்தில் இருக்கிறது.

கிழக்குச் சுவர்க் கருவிகளும், இழைப்புளிகளில் நான்கும், சாணைக்கல்லும் அவனுக்கு. காசு வேண்டாம் என்று மாமாவே சொன்னார், எனக்கு அது பெரிய சந்தோஷம். வில்வ இலை உளிகளைத் தேர் வேலைக்காரரிடம் காட்டி, அவருக்குப் பயன்படுமென்றால் அவருக்கு. முழக்கோல் மாமா வீட்டு உத்தரத்துக்கு. ஆள் உயர ரம்பத்தை யாரும் கேட்கவில்லை. குழி வெட்டி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று அறுக்க இனி யார் இருக்கிறார்கள். அதுவும் மாமா வீட்டுப் பரணுக்குத்தான் போகிறது. வச்சிரச் சட்டி கிடைக்கவே இல்லை.

இடதுகை இழைப்புளியும் மாதிரிக் கூடையும் எங்களோடு சென்னைக்கு வருகின்றன. சாய்ந்த சுவரைப் பிரித்துவிட்டு, மீதியை ஓடு மாற்றி நிறுத்தலாம் என்று மாமா கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கிறார். பையன் அங்கேயே ஞாயிற்றுக்கிழமை வேலை செய்துகொள்ளலாம். வாடகை என்று எதுவும் இல்லை. அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: ஆயுத பூஜைக்கு வருவேன், அன்றைக்கு ஒரு உளியில்கூடத் துரு இருக்கக் கூடாது. பையன் தலையாட்டினான். பட்டறை மாமா, "நீ வாத்தா, நான் தடவிப் பாத்து வைக்கிறேன்" என்றார்.